"நீ புத்திசாலி!" - ஒரு பாராட்டின் கதை

பாராட்டினால் பிள்ளை நன்றாகப் படிக்கும் என்பது பலரின் நம்பிக்கை. அமெரிக்காவில் ஒரு மாநில அரசே இந்த வழியில் இறங்கியது. பிள்ளைகளின் சுயமதிப்பை வளர்த்தால் பல சமூகப் பிரச்சினைகள் தீரும் என்று நம்பி, 1986-ல் கலிபோர்னியா ஒரு தனிக் குழுவையே அமைத்தது. பள்ளிகளிலும் பாராட்டு தாராளமானது.

1998-ல் வந்த ஓர் ஆய்வு இதைக் கேள்வி கேட்டது. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்து மிகக் கடினமான புதிர்கள், எல்லோரும் திணறினார்கள். மூன்றாவதாக மீண்டும் எளிய புதிர்கள்.

அங்கேதான் ஆச்சரியம்! உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்கள் முன்பைவிட அதிகம் போட்டார்கள். "புத்திசாலி"களோ முதல் சுற்றைவிடக் குறைந்தார்கள். மதிப்பெண்ணை வேறொரு பள்ளிப் பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, அவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர் கூட்டி எழுதினார்கள்.

காரணம் எளிது. ஜெயித்தால் புத்திசாலி என்றால், தோற்றால் முட்டாள் என்றுதானே பிள்ளை நினைக்கும்? உழைப்பு அப்படியல்ல, அதைக் கூட்டிக்கொள்ளலாம்.

இந்த ஆய்வுகளின் வழியில் உருவான பயிற்சிகள் மதிப்பெண்ணைப் பெரிதாக உயர்த்திவிடவில்லை. 2019-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்விலும் பலன் சிறிதே. ஆனாலும் தோற்ற பிள்ளை பொய் எழுதியதை மறக்க முடியுமா? பட்டம் கொடுப்பது சுலபம். அதைக் காப்பாற்றும் பயம் பிள்ளைக்குத்தான்.