பாட்டிலும் நாசிலும் ஒன்றான கதை

பருத்தி போட்ட ஊர்க்காரர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். வரப்பில் ஒரு பிளாஸ்டிக் வாளி, வாய்க்கால் தண்ணீர், மருந்து டின், கலக்க ஒரு வேப்பங்குச்சி. குச்சி கைக்கு எட்டாத அவசரத்தில் கையை விட்டே கலக்கியவர்களும் உண்டு. அளவு என்பது டின்னின் மூடிதான். நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஒரு ஊது. மருந்து தீர்ந்த டின் கழுவப்பட்டு வீட்டுக்குள் வந்துவிடும். அதில் மண்ணெண்ணெய் வைத்திருந்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். தானியம் அளந்த வீடும் ஒன்று உண்டு.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் விவசாய இடுபொருள் கிடங்குகளைச் சுற்றியே போனது. அப்போது கண்டது ஒன்று. மருந்தடிக்கும்போது மயங்கி விழுகிறவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவோம். ஆனால் முதுகில் சுமக்கும் டேங்கில் இருப்பது நூறு மடங்கு, இருநூறு மடங்கு தண்ணீரில் கரைந்த மருந்து. டின்னில் இருப்பது முழு வீரியம். அதைத் திறந்து, அளந்து, ஊற்றுகிற அந்த இரண்டு நிமிடம்தான் மிக மோசமான நேரம். அங்கே கையுறையும் கிடையாது, முகமூடியும் கிடையாது.

அந்த இரண்டு நிமிடத்தையே ஒழித்துவிடலாம் என்று ஒரு கம்பெனி முயன்றது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். நம் நாட்டுக் கதை இல்லை. இங்கிலாந்தில் பிறந்து, ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் பருத்திக் காடுகளில் நடந்த கதை.

கம்பெனி ஐ.சி.ஐ., அதாவது இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ். 1926-ல் தொடங்கியது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 1962-ல் கிராமக்சோன் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். அந்த மருந்தில் அவர்களுக்கு ஒரு கசப்பான பாடம் கிடைத்தது. பெரிய கேனிலிருந்து கொஞ்சம் எடுத்துக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பார்கள். பார்க்கக் குளிர்பானம் போலவே இருக்கும். தெரியாமல் எடுத்துக் குடித்து இறந்துபோனவர்கள் உண்டு. பிறகு அதில் நிறம் சேர்த்தார்கள், நாற்றம் சேர்த்தார்கள், வாந்தி வரவழைக்கும் பொருளும் சேர்த்தார்கள். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது என்ற சின்னச் செயலுக்குள் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

1970-களின் பிற்பகுதியில் அதே கம்பெனியின் பயிர்ப் பாதுகாப்புப் பிரிவில் ரொனால்ட் காஃபி என்று ஒரு ஆய்வாளர் இருந்தார். (பெயரே காஃபிதான், நான் ஒன்றும் சேர்க்கவில்லை.) 1979-ல் பிரைட்டனில் நடந்த பயிர்ப் பாதுகாப்பு மாநாட்டில் அவர் ஒரு கட்டுரை வைத்தார். மோட்டார் இல்லை, பம்ப் இல்லை, அழுத்தம் இல்லை. மின்சாரம் மட்டுமே திரவத்தைத் துளியாக்கும், அதே மின்சாரம் துளியை இலைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது அதன் சாரம்.

இதன் அடிப்படை பழைய விஷயம். மின்னூட்டம் ஏறிய பாத்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் தூவலாகச் சிதறுவதை 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் நொல்லே என்ற பாதிரியார் கவனித்திருக்கிறார். ஒரு துளி எவ்வளவு மின்னூட்டம் தாங்கும், எப்போது உடையும் என்று 1882-ல் ராலே பிரபு கணக்குப் போட்டுவிட்டார். காஃபி அதை விவசாயி கையில் கொடுக்கும்படி செய்தார்.

கருவியின் பெயர் எலெக்ட்ரோடைன். பார்க்க ஒரு நீளக் கம்புதான். கம்புக்குள் டார்ச் லைட்டுக்குப் போடுகிற பேட்டரிக் கட்டை நான்கு. மொத்தம் 6 வோல்ட். அதை ஒரு சின்ன மின்சுற்று ஏறக்குறைய 24,000 வோல்ட்டாக ஏற்றும். வோல்ட்டைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஓடுகிற மின்சாரம் மிக மிகச் சொற்பம். கம்பின் நுனியில் மருந்து பாட்டிலைத் தலைகீழாகப் பொருத்த வேண்டும். நாசிலுக்கு மின்னழுத்தம் போகும். அதைச் சுற்றித் தரையோடு இணைந்த ஒரு வளையம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள மின்புலம் திரவத்தைப் பல மெல்லிய நூல்களாக இழுக்கும். நூல்கள் உடைந்து ஒரே அளவுத் துளிகளாகும். எல்லாத் துளிக்கும் ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பரவும். செடியோ மண்ணில் வேர் ஊன்றி நிற்கிறது, அதனால் துளிகளைத் தன் பக்கம் இழுக்கும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டை இழுத்து விளையாடினோமே, அதே சங்கதி. துளி இலையின் மேல்பக்கத்தில் மட்டும் விழாமல், வளைந்து போய் அடிப்பக்கத்திலும் ஒட்டும். வெள்ளை ஈ உட்காருமிடம் அடிப்பக்கம்தான் என்று பருத்தி போட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி பாட்டிலுக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதி அதுதான்.

பாட்டிலையும் நாசிலையும் ஒன்றாகச் சேர்த்தே செய்தார்கள். இரண்டு சொல்லையும் ஒட்டி பாஸில் என்று பெயரும் வைத்தார்கள். மருந்து கம்பெனியிலேயே நிரப்பி மூடப்பட்டு வரும். விவசாயி மூடியை எடுத்துக் கம்பில் பொருத்துவார், அடிப்பார், தீர்ந்ததும் கழற்றிவிடுவார். அளப்பது இல்லை, கலப்பது இல்லை, ஊற்றுவது இல்லை. நம் வீட்டுக் கொசு மெஷின் ஞாபகத்துக்கு வருகிறதா? ரீஃபில் பாட்டிலோடு திரியும் சேர்ந்தே வருகிறது அல்லவா, அதே யோசனை. திரி கெட்டுப்போகும் முன்பே பாட்டில் தீர்ந்துவிடும். அடுத்த பாட்டிலில் புதுத் திரி. எலெக்ட்ரோடைனிலும் ஒவ்வொரு பாட்டிலோடும் புது நாசில். வாயால் ஊத வேண்டிய வேலையே இல்லை.

நாசிலைப் பாட்டிலோடு சேர்த்ததற்கு இன்னொரு காரணம் மின்சாரம். தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் இந்த முறைக்கு ஒத்துவராது. எண்ணெயில் கரைத்த மருந்துதான் வேண்டும். அதிலும் மின்தடை ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். கூடினாலும் நூல் பிரியாது, குறைந்தாலும் பிரியாது. எண்ணெயின் கெட்டித்தன்மை மாறினால் வழிகிற வேகமும் மாறும். எனவே இந்த மருந்துக்கு இந்த நாசில் என்று பொருத்தம் பார்த்தாக வேண்டும். அந்தப் பொருத்தத்தை விவசாயி தலையில் கட்டாமல் தொழிற்சாலையிலேயே முடித்து அனுப்பிவிட்டார்கள். தப்பான நாசிலைப் போட வழியே கிடையாது.

இப்படிப்பட்ட பாட்டிலைச் செய்வது கேட்கிற அளவுக்குச் சுலபமில்லை. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் மடக் மடக்கென்று விட்டுவிட்டு வரும், இரண்டாவது ஓட்டை போட்டால்தான் சீராக வழியும். அதுபோலத் தலைகீழாக நிற்கும் பாட்டிலுக்குள்ளும் காற்று போக வழி வேண்டும், அந்த வழியாக மருந்து ஒழுகவும் கூடாது. பொருத்தியவுடன் உயர் மின்னழுத்தம் நாசிலைத் தொட வேண்டும், கையைத் தொடக்கூடாது. லாரியில் குலுங்கினாலும், வெயிலில் கிடந்தாலும் கசியக் கூடாது. இத்தனையும் செய்துவிட்டு, தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற பொருளின் விலையில் அது இருக்க வேண்டும். கம்பை விடப் பாட்டிலுக்கு அவர்கள் அதிகம் மண்டையை உடைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

1980-களின் தொடக்கத்தில் இது பருத்திக் காடுகளுக்குப் போனது. முதுகுத் தெளிப்பானில் ஒரு ஹெக்டேருக்கு 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். நம் குடத்தில் பதின்மூன்று, பதினான்கு குடம். ஆற்றிலிருந்து தலையில் சுமந்து வருகிற ஆப்பிரிக்கக் கிராமத்தில் அது பெண்களின் ஒரு நாள் உழைப்பு. எலெக்ட்ரோடைனுக்கு ஹெக்டேருக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் போதும், அதுவும் பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது. சுழலும் தட்டு வைத்த பேட்டரித் தெளிப்பான்கள் அங்கே ஏற்கெனவே இருந்தன. மோட்டாரைச் சுற்ற வேண்டியதால் அவை பேட்டரியைத் தின்னும். இதில் சுற்றுவதற்கு ஒன்றும் இல்லாததால் நான்கு கட்டை நெடுநாள் வந்தது.

இவ்வளவு நல்ல கருவி ஏன் நிலைக்கவில்லை?

செடி சம்பந்தமான காரணம் ஒன்று உண்டு. மின்னூட்டம் பெற்ற துளி முதலில் எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும். செடி சிறிதாக இருக்கும்வரை சரி. பருத்தி அடர்ந்து வளர்ந்த பிறகு மேல் இலைகளிலேயே மருந்து நின்றுவிடும், உள்ளே இருக்கும் காய்க்குப் போகாது. காய்ப்புழு அங்கேதான் இருக்கிறது.

ஆனால் பெரிய காரணம் அந்தப் பாட்டில்தான். அதை நிரப்ப முடிந்தது ஒரே கம்பெனி. பருத்திக்கு மருந்து வாங்குவது ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அரசு சார்ந்த பருத்திக் கழகங்களின் வேலை. அவர்கள் டெண்டர் விட்டு, யார் குறைத்துக் கொடுக்கிறார்களோ அவர்களிடம் வாங்குவார்கள். ஒரு கம்பெனி பாட்டில் மட்டும் பொருந்துகிற கம்பை லட்சக்கணக்கான விவசாயிகளிடம் கொடுத்துவிட்டால், மறுவருடம் டெண்டருக்கு என்ன அர்த்தம்? கம்பெனி சொன்னதுதான் விலை. கம்பெனி பாட்டிலை நிறுத்தினால் விவசாயி கையில் இருப்பது பேட்டரி போட்ட ஒரு வெறும் கம்பு.

புழுவும் சும்மா இருக்கவில்லை. இந்தப் பாட்டிலில் முக்கியமாக வந்தது சைபர்மெத்ரின் போன்ற பைரெத்ராய்டு மருந்து. 1980-களில் பச்சைக் காய்ப்புழு அந்த வகைக்கு எதிர்ப்பு சக்தி வளர்த்துக்கொண்டது. நம் பக்கத்து ஆந்திராவில் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் 1987-ல் பருத்தி அழிந்து விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்டது நினைவிருக்கலாம், அதற்கும் இந்த எதிர்ப்பு சக்தி ஒரு காரணம். புழு மசியாவிட்டால் மருந்தை மாற்ற வேண்டும். முதுகுத் தெளிப்பான்காரர் கடைக்குப் போய் வேறு டின் வாங்கிவிடுவார். எலெக்ட்ரோடைன்காரருக்கு, புது மருந்து எண்ணெயில் கரைய வேண்டும், மின்தடை சரியாக அமைய வேண்டும், அதற்கேற்ற பாஸில் வர வேண்டும். எண்ணெயில் கரையாத மருந்துகள் எத்தனையோ. எண்ணெயும் விலை கூடுதல். கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவில் பலர் சுழல் தட்டுத் தெளிப்பானிலேயே ஹெக்டேருக்குப் பத்து லிட்டர் தண்ணீர் கலந்து அடிக்கும் முறைக்குப் போய்விட்டார்கள். மறுபடியும் வாளி, மறுபடியும் குச்சி.

1993-ல் ஐ.சி.ஐ. தன் மருந்துப் பிரிவுகளை ஜெனிகா என்று தனியாகப் பிரித்தது. அதன் விவசாயப் பகுதி 2000-ல் சின்ஜென்டாவில் சேர்ந்தது. எலெக்ட்ரோடைன் இன்று விற்பனையில் இல்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பாட்டில் சரி, பூட்டுத்தான் தப்பு. நம் சமையல் கேஸையே பாருங்கள். 14.2 கிலோ சிலிண்டர், அதுவும் மாற்றிப் பொருத்துகிற பாத்திரம்தான், உள்ளே இருப்பதும் விளையாட்டுப் பொருள் இல்லை. மூன்று அரசு எண்ணெய்க் கம்பெனிகளின் சிலிண்டரிலும் வீட்டு ரெகுலேட்டருக்கு வாய் ஒரே அளவு. பாதுகாப்பும் இருக்கிறது, ஒருவரிடமே மாட்டிக்கொள்கிற கட்டாயமும் இல்லை. பாஸிலின் கழுத்தை அப்படி எல்லோருக்கும் பொதுவாக விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதுண்டு. பல வருடம் பணம் கொட்டி ஆராய்ச்சி செய்தவன் எதற்காகப் பொதுவில் விடுவான் என்று கேட்டால், அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. கம்பை விற்று லாபம் பார்க்க முடியாது, பாட்டிலை விற்றுத்தான் பார்க்க முடியும். கம்ப்யூட்டர் பிரிண்டரும் மையும் இன்று நமக்கு நடத்துகிற பாடமும் அதேதான்.

நிலைமின் தெளிப்பு வேறு வடிவங்களில் பிழைத்துக்கொண்டது. ஜப்பானில் காவோ என்ற கம்பெனி 2019-ல் ஒரு கைக்கருவி கொண்டுவந்தது. அது மின்னழுத்தத்தால் திரவத்தை நூலாக இழுத்து முகத்தின்மேல் மெல்லிய படலமாகப் படிய வைக்கும். அழகுசாதனம் வாங்குகிறவர்களுக்கு ஒரே கம்பெனியிடம் வாங்குவது ஒரு பொருட்டில்லை. கொரோனா வந்த 2020-ல் விமானத்துக்குள் கிருமிநாசினி அடித்ததும் இதே நிலைமின் தெளிப்புதான். சண்டிகரில் உள்ள நம் அரசு ஆய்வகமும் அப்படி ஒரு கருவி செய்தது. அவையெல்லாம் தண்ணீரில் கரைந்த மருந்தையே அடிக்கும்படி வேறு வகையில் மின்னூட்டம் ஏற்றுகிறவை.

ஊற்றாமல் மருந்தை மாற்றுவது என்ற யோசனை மட்டும் சாகவில்லை. ஐரோப்பாவில் ஈஸிகனெக்ட் என்று ஒரு மூடி வந்திருக்கிறது. கேனைத் திறக்காமலே கவிழ்த்துப் பொருத்தினால் மருந்து தெளிப்பானின் டேங்குக்குள் போய்விடும், கேனையும் அங்கேயே கழுவிக்கொள்ளலாம். பி.ஏ.எஸ்.எஃப். தொடங்கியது. போட்டிக் கம்பெனிகள் பலவும் சேர்ந்துகொண்டு ஒரே மூடியைப் போட ஒப்புக்கொண்டிருக்கின்றன, சின்ஜென்டாவும் அதில் உண்டு. ஆனால் அது டிராக்டரில் பூட்டிய பெரிய தெளிப்பானுக்கானது. முதுகில் சுமக்கும் டேங்குக்கு இன்னும் டின் மூடிதான் அளவு.