ஓட்டை இல்லாத மணிகள்: கொடுமணலிலிருந்து அரிக்கமேடு வரை

என் மனைவியிடம் ஒரு பழைய பித்தளை டப்பா இருக்கிறது. அதற்குள் 11 மணிகள். அவளுடைய அமுச்சி ஊர் கொடுமணல் பக்கம். சின்ன வயசில் லீவுக்குப் போகும்போது, மழை பெய்த மறுநாள் பிள்ளைகள் எல்லாம் காட்டுக்குள் மணி பொறுக்கக் கிளம்பிவிடுவார்களாம். சிவப்பு மணி கிடைத்தால் அன்றைக்கு அவள்தான் ராணி. ஓட்டை இருக்கிற மணியை நூலில் கோத்துக்கொள்வார்கள். ஓட்டை இல்லாததைத் தூக்கி வீசிவிடுவார்கள். கோக்க முடியாத மணி எதற்கு?

இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுமணல் ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அங்கே அகழாய்வு செய்தது. 2012, 2013-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் தோண்டியது. இரும்பு உருக்கிய உலைகள், நூல் நூற்ற தக்களிகள், தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் வந்தன. 'கண்ணன் ஆதன்', 'சம்பன் ஸுமணன்' என்றெல்லாம் பெயர்கள். ஒரே ஒரு ஈமக்குழியில் 2220 சூதுபவள மணிகள் இருந்தன.

சூதுபவளம் நம்மூர்க் கல் இல்லை, குஜராத், மகாராஷ்டிரப் பக்கம் கிடைப்பது. ஆனால் பச்சைக்கல் (பெரில்) படியூரிலும், நீலக்கல் சிவன்மலைப் பக்கமும் கிடைத்தன. ஆக, உள்ளூர்க் கல்லையும் வெளியூர்க் கல்லையும் அறுத்து, தேய்த்து, துளைபோட்டு விற்ற தொழில் நகரம் இது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணத்தைச் சொல்கிறார்கள். இருவருமே அதைப் 'பந்தர்' என்ற ஊரோடு சேர்த்தே சொல்கிறார்கள். முத்துக்குப் பேர்போன பந்தர் ஒரு கடற்கரைப் பட்டினம் என்பது பலரது கருத்து. உள்நாட்டுப் பட்டறையும் கடற்கரையும் ஒரு ஜோடி என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இங்கே செய்த மணி கடலுக்கு எப்படிப் போயிருக்கும்? மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறிக்கு ஒரு வழி. கிழக்கே கரூர் தாண்டி, காவிரியை ஒட்டிப் புகாருக்கு இன்னொரு வழி. பொங்கல் முடிந்த வாரம், பழைய புல்லட்டில் நாங்கள் இரண்டு பேரும் கிழக்கு வழியில் கிளம்பினோம். கரூர், திருச்சி, கும்பகோணம், மயிலாடுதுறை. பூம்புகார் சேர்வதற்குள் முதுகு கழன்றுவிட்டது.

கடலைப் பார்த்துக்கொண்டு நின்றால் அங்கே பழசு எதுவும் தெரியாது. பக்கத்தில் கீழையூருக்குப் போக வேண்டும். 1960-களில் தொல்லியல் துறை அங்கே ஒரு செங்கல் படகுத்துறையைக் கண்டுபிடித்தது. படகு கட்ட ஊன்றிய மரக்கம்பம்கூடக் கிடைத்தது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 3, 4-ஆம் நூற்றாண்டு.

பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் புகார்த் தெருவில் குவிந்த சரக்கைப் பட்டியல் போடுகிறார். குதிரை, மிளகு, சந்தனம், முத்து, பவளம். மணியும் பொன்னும் வடமலையில் பிறந்தவை என்கிறார். கொங்கின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

"நம்மூர்க்காரங்க பேரு எங்கயுமே வராதுங்களா?" என்றாள் மனைவி.

"துறைமுகத்துக்காரன் எழுதுன லிஸ்ட்டு. சரக்கு எந்தப் பட்டறையில செஞ்சதுன்னு அவன் எதுக்குக் கேக்கப் போறான்?" என்றேன். பதில் எனக்கே முழுத் திருப்தியாக இல்லை.

மறுநாள் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று கிழக்குக் கடற்கரையோரமாக வடக்கே போனோம். உப்புக்காற்று, அப்புறம் ஹெல்மெட்டுக்குள் மணல். புதுச்சேரிக்கு முன்னால், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. மாந்தோப்பு, தென்னை, ஒரு பிரெஞ்சு மிஷன் கட்டடத்தின் இடிந்த செங்கல் சுவர், அவ்வளவுதான். 1945-ல் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டி, ரோமானிய வணிகத்தின் தடயங்களை உலகுக்குக் காட்டினார். பிறகு கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி.

ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்னால், 1937-ல், ஜுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் ஊர்ப் பிள்ளைகளிடம் பழங்கற்களை விலைக்கு வாங்கினார். அதில் ஒன்றில் செதுக்கியிருந்தது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை என்று அவர் கருதினார். அரிக்கமேட்டின் புகழ் பிள்ளைகள் பொறுக்கிய கல்லிலிருந்து தொடங்கியது என்றே சொல்லலாம்.

நாங்கள் நின்ற இடத்துக்கு ஒரு பையன் வந்தான். கையைத் திறந்தான். நாலைந்து பாசிமணிகள்.

"எங்க எடுத்தே, தம்பி?" என்றாள்.

"இங்கதான்க்கா." கையைச் சுழற்றித் தோப்பு முழுவதையும் காட்டினான்.

அவள் வாங்கவில்லை. வண்டிக்குத் திரும்பும்போது சொன்னாள்: "நானும் இப்படித்தானுங்க. எங்க எடுத்தேன்னு கேட்டா காட்டையே காட்டுவேன்."

எங்கள் வேலையில் ஒரு எரர் வந்தால் லாக் ஃபைலைப் பார்ப்போம். எந்த வரி, எந்த நேரம் என்பது இல்லாத லாக் வெறும் இரைச்சல். மணியும் அப்படித்தான். எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு, பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரிந்தால் அது சாட்சி. தெரியாவிட்டால் அழகான கல். துப்ரேய் வாங்கிய கற்கள் இடத்தைக் காட்டின. காலத்தையும் வாழ்க்கையையும் சொன்னது அகழாய்வுக் குழிதான்.

இப்போது அந்த ஓட்டை இல்லாத மணிகளுக்கு வருகிறேன். கொடுமணல் வெறும் சந்தை இல்லை, பட்டறை என்று எப்படித் தெரியும்? மூலக்கல், பாதி செதுக்கியது, தேய்த்தும் துளைபோடாதது, முழுதாக முடிந்தது என்று ஒவ்வொரு நிலையிலும் மணிகள் கிடைத்ததால்தான். முடிந்த மணி எங்கிருந்தும் வந்திருக்கலாம். முடியாத மணி செய்த இடத்தில்தான் கிடக்கும். பட்டினப்பாலைப் பட்டியலில் வராத நம்மூர்த் தொழிலாளிக்கு அதுதான் கையெழுத்து. பிள்ளைகள் தூக்கி வீசியது அதைத்தான்.

ஊர் திரும்பியதும் மாமியாரிடம் கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்து, "கெணத்து மேட்டுக்கு வடக்கால இருக்குற காட்டுலதான் புள்ளைங்க பொறுக்குவீங்க" என்றார். அந்தக் காட்டை விற்று வருஷங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் ஒரு தாளில் படம் வரைந்து, கிணற்றையும் இட்டேரியையும் குறித்து, டப்பாவுக்குள் மடித்து வைத்தாள். ஈரோடு அரசு அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கப் போகிறோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருந்தால், ஊரில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்: எந்தக் காடு?