பற்றும் பக்குவமும்: பூச்சிக்கடி அரிப்புக்கான வீட்டு மருந்தை எப்படி மதிப்பிடுவது?

கைவைத்தியத் தொகுப்பு நூல்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்கின்றன. இடப்பக்கம் நோயின் பெயர், வலப்பக்கம் மூலிகையின் பெயர். பூச்சிக்கடிக்குக் குப்பைமேனி, நமைச்சலுக்கு வேப்பிலை, தடிப்புக்கு மஞ்சள். இலையை அரைப்பதா வதக்குவதா, எண்ணெயில் குழைப்பதா நீரிலா, எவ்வளவு நேரம் விட்டுக் கழுவுவது என்பவை ஓரிரு சொல்லில் முடிந்துவிடும். பல நூல்களில் அதுவும் இராது. பூச்சிக்கடி அரிப்பைப் பொறுத்தவரை மருந்தின் பயன் தாவரத்தைவிடப் பக்குவத்தையே அதிகம் சார்ந்திருக்கிறது. பக்குவத்தை விட்டுவிட்டு மூலிகையை மட்டும் சோதிக்கும் ஆய்வு தவறான கேள்வியைக் கேட்கிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம் என்று தொடங்கும் அந்த வரிசையில் ஒன்றுகூடச் செடியின் பெயரில்லை. பெரும்பாலும் செய்முறையின் பெயர்கள். எந்தச் சரக்கு என்ற கேள்விக்கு முன்பே எப்படி இடுவது என்ற கேள்வியை மரபு எழுப்பியிருக்கிறது. இன்றைய தொகுப்பாளர்கள் இந்த அடுக்கைத் தலைகீழாக்கிவிட்டார்கள்.

பெண் கொசு இரத்தம் உறிஞ்சும்போது அதன் உமிழ்நீர்ப் புரதங்கள் தோலுக்குள் இறங்குகின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் அவற்றை அயலாகக் கண்டு ஹிஸ்டமினை வெளியிடுகிறது. தடிப்பும் அரிப்பும் அதன் விளைவு. உள்ளே போய்விட்ட புரதத்தை மேலே தடவிய சாறு முறித்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே ‘விஷத்தை முறிக்கும்’ என்ற வழக்கை நேர்ப்பொருளில் கொள்ளக் கூடாது. ஆனால் அரிப்புணர்வைத் தணிக்க வேறு வழிகள் உண்டு. ஈரப்பற்று உலரும்போது தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு குளிர்விக்கிறது. வதக்கிய இலையின் ஒற்றடம் சூட்டால் அரிப்பைத் தணிக்கிறது. காய்ந்த பற்று ஓடுபோல் மூடி நகம் படாமல் காக்கிறது. இந்த மூன்றாவது பயனை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். குழந்தைகள் சொறிந்து புண்ணாக்கிக்கொண்ட இடத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றினால், சிலருக்குச் சிறுநீரக அழற்சி வரை போவதுண்டு. சொறிவதைத் தடுப்பதே பாதி வைத்தியம்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த பற்றை எடுத்துக்கொள்வோம். குழைத்த கணமே குங்கும நிறம் வந்துவிடும். மஞ்சளின் சிறப்புக்கெல்லாம் குர்குமினையே காரணம் காட்டுவது வழக்கம். ஆனால் குர்குமின் நீரில் ஏறக்குறையக் கரையாது, எண்ணெயில் கரையும். காரத்தன்மையுள்ள ஈரத்தில் அது விரைவில் சிதையவும் செய்யும். அந்தச் சிவப்பே குர்குமின் மாறிவிட்டதற்கான அடையாளம். அப்படியிருக்க, இந்தப் பற்றின் பயனைக் குர்குமின் கணக்கில் எழுதுவது பொருந்தாது. தேங்காயெண்ணெயில் குழைத்த மஞ்சளுக்கு அந்த விளக்கத்தைத் தரலாம். சரக்கு ஒன்றுதான், பக்குவம் மாறியதும் மருந்தே வேறாகிவிடுகிறது.

சுண்ணாம்புக்குச் சொல்லப்படும் ‘அமிலத்தைக் காரம் முறிக்கும்’ என்ற நியாயமும் ஓரளவுக்கே செல்லும். முசுறு எறும்பு கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. அங்கே அதற்கு ஏதோ இடமுண்டு. நெருப்பெறும்பின் நஞ்சோ பெரும்பாலும் ஆல்கலாய்டுகளால் ஆனது. தேனீக் கொட்டில் வலி தருவது முதன்மையாக மெலிட்டின் என்னும் நஞ்சுப்பொருள். அதுவும் தோலுக்குள் ஆழமாகச் செலுத்தப்படுகிறது. அங்கே சுண்ணாம்பைத் தேடி ஓடுவதைவிடக் கொடுக்கை உடனே எடுப்பதே பயன் தரும், ஏனெனில் அறுந்து தங்கிய நஞ்சுப்பை தொடர்ந்து நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். தனிச் சுண்ணாம்பு குழந்தைத் தோலை வேகவைத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூலிகைப் பட்டியல்களால் பயனே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தபோது, இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எழுத்துச் சான்றுகளைக் காட்டித்தான் 1997-இல் அதை நீக்கச் செய்தது. பதிவு உரிமையைக் காத்தது. ஆனால் உரிமையைக் காக்கப் போதுமான பதிவு, மருந்தைச் செய்து காட்டப் போதுமானதல்ல.

மக்கள் வழக்கிலோ எதற்கு எப்படி மருந்திடுவது என்ற பகுப்பு இன்னும் நுட்பமாக இருக்கிறது. கடித்தது எதுவென்று தெரியாமல் உடம்பெங்கும் தடித்தால் அதைக் ‘காணாக்கடி’ என்பார்கள். அதற்கு மேல்பூச்சோடு நிற்காமல் வெற்றிலையும் மிளகும் மெல்லக் கொடுப்பார்கள். ஓரிடத்துத் தடிப்புக்குப் பற்று, உடம்பெங்கும் பரவியதற்கு உள்மருந்து என்ற இந்த வேறுபாடு பட்டியல்களில் காணாமல் போகிறது. அதுபோலவே குப்பைமேனியை உப்புடன் அரைத்து மேலே பூசுவது வேறு, அதே இலையை உண்பது வேறு: ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு உண்ட குப்பைமேனியால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்த நேர்வுகள் இலங்கையில் பதிவாகியுள்ளன. பூசுவதா உண்பதா என்பதை எழுதாத பட்டியல் ஆபத்தானது.

எப்போது பற்றுப் போடக் கூடாது என்பதும் பக்குவத்தில் அடங்கும். கடித்த சில நிமிடங்களில் மூச்சுத் திணறலோ முக வீக்கமோ மயக்கமோ வந்தால் அம்மியருகே போகவே கூடாது. மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மற்றொன்று தமிழ்நாட்டில் பலரும் கவனிக்கத் தவறுவது. உண்ணிக் காய்ச்சலைப் பரப்பும் நுண்ணிய உயிரியின் கடி பெரும்பாலும் அரிப்பதில்லை. அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ கருத்த பொருக்காக நிற்கும். மஞ்சள் அப்பி அதை மறைத்தால் மருத்துவரின் கண்ணுக்கு அந்த அடையாளம் தப்பிவிடும். டாக்சிசைக்ளின் கொடுத்துக் குணப்படுத்தக்கூடிய நோய் அது. தாமதித்தால் உயிரைப் பறிக்கும். காய்ச்சலோடு கருத்த பொருக்கும் தென்பட்டால் அதன்மேல் எதையும் பூசாதீர்கள். அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள்.