முந்திய தலைமுறை மேலானதா?

தேனி, கம்பம் பள்ளத்தாக்குச் சபைகளில் இக்கால வாலிபரைக் குறித்த முறையீட்டை நாம் அடிக்கடி கேட்கிறோம். முன்னோர் ஒழுக்கமுள்ளவர்கள், இவர்களோ கெட்டுப்போனவர்கள் என்பதே அதன் சாரம். நாமும் பிரசங்க பீடத்திலிருந்து அவ்வாறு பேசியதுண்டு. ஆனால் நம் வட்டாரத்து வரலாறு இதற்கு இசையவில்லை.

1871-இல் இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் விரிவுபடுத்தப்பட்டது. தேனியையும் உள்ளடக்கிய அன்றைய மதுரை மாவட்டத்தில் பிரமலைக் கள்ளர் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். ஆண்களின் கைரேகை பதிவாயிற்று. இரவில் அவர்கள் காவல்துறையின் கண்காணிப்பிற்கு உட்பட்டனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூரில் இப்பதிவை எதிர்த்தோர்மீது காவலர் சுட்டதில் 15 பேருக்கு மேல் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல்தான் நீக்கப்பட்டது.

ஆகவே, இன்று நாம் மெச்சும் பாட்டன்மாரில் பலர், தம் வாலிபத்தில் பிறவிக் குற்றவாளிகள் எனப் பதிவேட்டில் எழுதப்பட்டவர்களே. சிலர் செய்த களவு, செய்யாதவர் தலையிலும் சுமத்தப்பட்டது.

இன்றைய வாலிபரிடம் குற்றமில்லை என்பது நம் கருத்தன்று. குடித்துவிட்டு வீட்டில் கலகம் செய்பவனைக் கண்டிப்பது போதகரின் கடமை. ஆயினும், அவனைத் தனியே அழைத்துக் கண்டிக்க வேண்டும்; அவன் வயதினர் அனைவரையும் ஒரே பதிவேட்டில் எழுதலாகாது. முற்காலமே மேலானதென எண்ணிக் கேட்கும் கேள்வி ஞானத்திலிருந்து பிறப்பதன்று என்பது பிரசங்கி 7:10-இன் கருத்து. அடுத்த வாலிபர் ஞாயிறுக்குச் செய்தி ஆயத்தம் செய்யுமுன் இதை நினைவுகூர்வோமாக.