நிகழ்ச்சியற்ற நாட்களின் வரலாறு: புத்தளக் கரையோர மறைப்பணி பற்றிய ஒரு குறிப்பு

நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டி நோக்கி வடக்கே செல்கையில், மேற்குக் கடலோரமாகத் தலவில் புனித அன்னாள் ஆலயம் அமைந்துள்ளது. ஆண்டில் இருமுறை நிகழும் பெருவிழாக்களுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் திரள்வர். விழா முடிந்ததும் மணலும் காற்றும் மீனவர் வாடிகளுமே எஞ்சும். விழா நாட்களைப் பற்றி எழுதியோர் பலர். எஞ்சிய நாட்களைப் பற்றி எழுதியோர் அரியர். இக்கரையோரத்திற் கத்தோலிக்கம் வேரூன்றியமையை நோக்குமிடத்து, அந்த எஞ்சிய நாட்களே நமது கவனத்துக்குரியனவாகின்றன.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி, கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் அளிப்போருக்கு மரணதண்டனை என அறிவித்தது. சமயப்பற்று மட்டும் இதற்குக் காரணமன்று. கறுவா வாணிபத்தைத் தன் ஏகபோகமாக்க முனைந்த கம்பெனி, போர்த்துக்கேயர்பாற் சாயக்கூடிய குடிகளை அபாயமாகவே கண்டது. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். 1690இல் புத்தளம் சேர்ந்தார். களப்பின் ஒருபுறம் கற்பிட்டிக் கோட்டையில் ஒல்லாந்தர். மறுபுறம் புத்தளம் கண்டி மன்னனின் ஆட்சியில். இந்த அரசியற் பிளவே அவருக்குப் புகலிடமாயிற்று.

1692இல் கண்டிக்குச் சென்ற அவர் ஒற்றர் எனச் சந்தேகிக்கப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். பின்னர் வறட்சிக் காலத்தில் அவர் மன்றாடியதும் மழை பெய்தது என்ற செய்தியைப் பக்தி நூல்கள் விரித்துரைக்கும். காவலிலிருந்த நாட்களில் அவர் சிங்களம் கற்றார் என்பதோ ஒரு வரியிற் கடந்துசெல்லப்படும். என் நோக்கில் அந்த ஒரு வரியே கனமானது. செய்வதற்கு வேறொன்றுமில்லாத நாட்களைப் பிற மனிதரின் பேச்சைக் கற்கும் நாட்களாக்கியமையே பிற்காலப் பணி அனைத்துக்கும் அடித்தளமாயிற்று.

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இதனைப் பெருந்தொழிலாகவே வளர்த்தெடுத்தார். 1742இல் போலவத்தையில் இறக்கும்வரை தமிழிலும் சிங்களத்திலும் இடையறாது எழுதினார். 1730களில் கொழும்பில் அச்சியந்திரம் இயங்கத் தொடங்கியபோது அது ஒல்லாந்தர் கையில் இருந்தது. எனவே அவருடைய நூல்கள் பிரதிசெய்வோரின் கைகளினூடாகவே பரவின. 'வியாகுல பிரசங்கம்' தவக்காலத்திற் படிக்கப்படும் மரபு அக்கைகளின் உழைப்பிலே தங்கியிருந்தது.

சமயப்பணி அனைத்தும் ஏகாதிபத்தியக் கருவியே என்னும் சூத்திரம் நம்மிற் சிலருக்கு வசதியானது. ஆயின் இங்கு வேட்டையாடியது குடியேற்றக் கம்பெனி; வேட்டையாடப்பட்டோர் ஆசியர். அதற்காக அவர்களை மக்கள் போராளிகளாகப் புனைவதும் தவறு. அவர்கள் கோவாப் பிராமணர். கண்டி மன்னனின் தயவிற் பணியாற்றியவர்கள். நிலமானிய உறவுகளை அவர்கள் கேள்விக்குட்படுத்தவில்லை.

உண்மையில் அன்றாடப் பொறுப்பைச் சுமந்தோர் மூப்பரும் அண்ணாவிமாருமாவர். குருவானவர் எப்போதாவது, பெரும்பாலும் இரவில் வருவார். ஏனைய நாட்களில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தலும், ஞாயிறுதோறும் சனங்களைக் கூட்டுதலும், இறந்தோரை அடக்கஞ் செய்தலும் இவர்களுடைய வேலை. கடலுக்குப் போய்வந்த களைப்போடு செய்யப்பட்ட இவ்வேலையில் அற்புதம் எதுவுமில்லை. ஆயினும் அது ஒருவாரம் தவறினால் அடுத்த வாரம் கூடுவதற்கு ஒரு சபை இருந்திராது. வாஸ் அடிகள் 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அண்ணாவிமாருக்கோ வரலாற்று நூல்களிற் பன்மைப் பெயரே உண்டு.

இவ்வாறு காக்கப்பட்ட தமிழ் பின்னர் என்னவாயிற்று? 20ஆம் நூற்றாண்டில் நீர்கொழும்பு முதல் புத்தளம் வரையான கரையோரக் கத்தோலிக்கரிற் பெரும்பகுதியினர் சிங்களம் பேசுவோராயினர். நுரைச்சோலைப் பகுதியில் தமிழ் இன்று அன்றாட மொழியாக வாழ்வது பெரிதும் முஸ்லிம் மக்களிடையேயாகும். கத்தோலிக்க வீடுகளில் அம்மாற்றம் ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. பிள்ளைகள் சிங்களப் பாடசாலைக்குப் போய்வந்த சாதாரண நாட்களில், எவரும் குறித்துவைக்காமலே அது நிகழ்ந்தது.