மடையை மூடினால் கிணறு ஊறுமா? கண்மாய் நீரின் வரவு செலவுக் கணக்கு

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை மடைவழிப் பாசனத்துக்காக அமைக்கப்பட்டவை. கிணற்றுப் பாசனம் பெருகிய பின் பல ஊர்களில் மடை திறக்கும் வழக்கம் நின்றுவிட்டது. நீரைத் தேக்கியே வைத்திருந்தால் அது நிலத்துக்குள் இறங்கி ஆயக்கட்டுக் கிணறுகளை ஊறச்செய்யும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். கண்மாய்களைக் கசிவுநீர்க் குட்டைகளாக மாற்றலாம் என்ற கருத்து ஆய்வாளர்களிடமும் உண்டு. ஆவியாதலைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், வண்டல் படிந்து கசிவு குறைந்த கண்மாய்களுக்கு இது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கண்மாய்க்கு வரவு பெரும்பாலும் ஒன்றே: நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து வரத்துக்கால் வழியே வரும் ஓடுநீர். கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழையை வறண்ட மண் குடித்துவிடும். மண் நனைந்து, மேலும் உறிஞ்ச இயலாத அளவுக்கு மழை வலுக்கும்போதுதான் வரத்துக்காலில் நீர் ஓடும். ஆகவே பல கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையின் நடுவில்தான் நிறைகின்றன. செலவோ நான்கு வழிகளில் நிகழ்கிறது: மிகுநீர் வழியும் கலிங்கு, மடை, ஆவியாதல், கசிவு. முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரிபவை. மடையை மூடுவது பற்றிய முடிவு, கண்ணுக்குத் தெரியாத பின்னிரண்டையும் சார்ந்தது.

நிலத்தடி நீர் வளத்தை மதிப்பிடுவதற்கான தேசிய நெறிமுறை, ஏரி குளங்களிலிருந்து நிலத்துக்குள் இறங்கும் நீரை, சராசரி நீர்ப்பரப்பின் மீது நாளொன்றுக்கு 1.4 மி.மீ. எனக் கொள்கிறது. மழைக்குப் பிந்தைய மாதங்களில் ஆவியாதலை நாளொன்றுக்கு 4 மி.மீ. என்றே வைத்துக்கொள்வோம். நிறைந்த நிலையில் 15 இலட்சம் கன மீட்டர் கொள்ளும் ஒரு கண்மாயின் சராசரி நீர்ப்பரப்பு, மடை மூடிய 120 நாள்களில் 60 ஹெக்டேர் என்க. ஆவியாவது 2.88 இலட்சம் கன மீட்டர். நிலத்துக்குள் இறங்குவது ஏறத்தாழ 1 இலட்சம் கன மீட்டர். நிலத்துக்குக் கிடைப்பதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கை வெயில் கொண்டுபோகிறது. நீர்மட்டம் தாழ்ந்து, பரந்த உள்வாயில் முழங்காலளவு நீர் மட்டும் நிற்கும் கடைசி வாரங்களில் நிலைமை இன்னும் மோசம். இருக்கும் நீர் குறைவு, வெயில் படும் பரப்போ அதிகம்.

அதே நீரை மடைவழியே வயலுக்கு விட்டால் அங்கும் ஒரு பகுதி ஆவியாகும். ஆனால் பயிர் வழியே வெளியேறும் நீராவி விளைச்சலாகத் திரும்புகிறது. கண்மாய்ப் பரப்பிலிருந்து போவது எந்த விளைச்சலும் தராது. நெல்வயலில் பாய்ச்சும் நீரில் கணிசமான பங்கு வேர்மண்டலத்தைத் தாண்டி இறங்கி அதே ஆயக்கட்டின் கிணறுகளைச் சேர்கிறது. கிணறு ஊற மடை மூடியே இருக்க வேண்டும் என்பதில்லை.

பாறையின் இயல்பையும் இங்கே கருத வேண்டும். மாநிலப் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப்பாறை. அதன் மேலடுக்கான சிதைந்த பாறை, தன் கன அளவில் 1 முதல் 3 விழுக்காடு நீரையே கிணற்றுக்கு விட்டுக்கொடுக்கும். 2 விழுக்காடு எனக் கொண்டால், 400 ஹெக்டேர் ஆயக்கட்டில் 1 இலட்சம் கன மீட்டர் நீர் நீர்மட்டத்தை 1.25 மீட்டர் உயர்த்தும். உயர்வு பெரிதாகத் தோன்றினும் சேமிப்பு சிறிது. பருவமழை முடிந்து கிணறுகள் நிறைந்திருக்கும்போது, மேற்கொண்டு இறங்கும் நீருக்கு அடியில் இடமும் இருக்காது.

கசிவு எல்லாக் கண்மாயிலும் ஒன்றுபோல் இல்லை என்பது நியாயமான மறுப்பு. மணற்பாங்கான அடித்தளமும் தூர்வாரிய உள்வாயும் உள்ள இடங்களில் கசிவு ஆவியாதலை விஞ்சலாம். அங்கே மடையை மூடுவது சரியே. எது எப்படி என அறியும் வழி எளிது. மழையில்லாத நாள்களில், வரத்தும் நின்று மடையும் கலிங்கும் ஓடாதபோது, கண்மாயில் நட்ட அளவுகோலைக் காலைதோறும் பார்த்து, நீர்மட்டம் இறங்கிய அளவிலிருந்து ஆவியாதலைக் கழிக்க வேண்டும். அருகிலுள்ள வானிலை நிலையத்தின் ஆவியாதல்மானி ஏறத்தாழ 1.2 மீட்டர் விட்டமுள்ள திறந்த தொட்டி. சிறு தொட்டியில் நீர் விரைவாக ஆவியாவதால் அதன் அளவை 0.7 ஆல் பெருக்கிக்கொள்வது வழக்கம். பத்து நாளில் நீர்மட்டம் 60 மி.மீ. இறங்கி, ஆவியாதல் 40 மி.மீ. என்றால், மிச்சம் 20 மி.மீ. கசிவு. அந்தக் கண்மாயில் மடையை மூடுவது நிலத்தடி நீரைவிட வெயிலுக்கே அதிகம் கொடுப்பதாகும்.

இதில் நீதி பற்றிய கேள்வியும் அடங்கியிருக்கிறது. மடை மூடினால் ஊறும் நீர் கிணறும் மோட்டாரும் உள்ளவருக்கே போய்ச்சேரும். மடையை மட்டுமே நம்பிய சிறு விவசாயி பங்கை இழப்பார். அளந்து பார்க்காமல் மடையை மூடுவது அவருக்கு இழைக்கும் அநீதி.

ஆகவே பின்பற்ற வேண்டிய முறை இது: வெயிலில் கிடக்கும் கண்மாய் நீரை முதலிலும், ஆவியாகாமல் அடியில் இருக்கும் கிணற்று நீரைப் பின்னரும் பயன்படுத்த வேண்டும். மடையை மூடும் முடிவை, குறைந்தது ஒரு பருவமாவது கசிவையும் ஆவியாதலையும் அளந்த பிறகே எந்த ஊரும் எடுக்க வேண்டும்.