வளைவும் வேகமும்

பேருந்து கூரிய வளைவொன்றில் திரும்புகையில் நம் உடல் வெளிப்புறமாகச் சாய்வதை நாம் அனைவரும் உணர்ந்திருக்கிறோம். இச்சாய்வின் வன்மையைக் கொண்டே வண்டியின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்றால், மாணவ நண்பர்களே, நீங்கள் வியப்படையக்கூடும். அக்கணக்குப் பிறந்த வரலாற்றையும், அதனைப் பொருட்படுத்தாமையால் விளைந்த ஒரு துயரத்தையும் இங்குக் கூற விழைகிறேன்.

1629ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டில் பிறந்தவர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ். ஊசல் கடிகாரத்தை ஆக்கி அளித்த பேரறிஞர் அவர். 1659ஆம் ஆண்டு அவர் ஒரு காட்சியைக் கற்பனை செய்தார். பெரிய சக்கரமொன்று சுழல்கிறது. அதில் பிணைக்கப்பட்ட மனிதன் ஒருவன் கையில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைப் பிடித்திருக்கிறான். குண்டு வெளிநோக்கிக் கயிற்றை இழுக்கிறது. அவ்விழுப்பு எவ்வளவு? இதுவே அவர் எழுப்பிய வினா.

அவர் கண்ட விடை எளியது. வேகம் இருமடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். வேகம் மாறாது வளைவின் ஆரம் மட்டும் இருமடங்கானால் இழுப்புப் பாதியாகும். இதற்கு மையவிலக்கு விசை என்று பெயரிட்டார். 1673இல் வெளியிட்ட கடிகார நூலின் இறுதியில் இதுபற்றிய பதின்மூன்று தேற்றங்களை நிரூபணமின்றியே தந்தார். அவர் 1695இல் மறைந்தார். நிரூபணங்கள் 1703இல்தான் அச்சேறின.

அத்தேற்றங்களுள் ஒன்று நமக்கு மிக வேண்டியது. வட்டத்தின் விட்டத்தில் கால்பங்கு உயரத்திலிருந்து விழும் பொருள் பெறும் வேகத்துடன் அவ்வட்டத்தில் சுற்றினால், மையவிலக்கு விசை பொருளின் எடைக்குச் சமமாகும் என்பதே அது. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவை எடுத்துக்கொள்வோம். விட்டம் 40 மீட்டர். அதில் கால்பங்கு 10 மீட்டர். அவ்வுயரத்திலிருந்து விழும் கல் நொடிக்கு 14 மீட்டர் வேகம் பெறும். அஃதாவது மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அவ்வேகத்தில் அவ்வளைவில் திரும்புவோனை அவன் எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் தள்ளும்.

இனிக் கணக்கைத் திருப்பிப் போடுவோம். அதே வளைவில் எடையில் பாதியளவு விசையை உணர்ந்தால் வேகம் என்ன? 9.8இல் பாதியை 20ஆல் பெருக்க 98 வரும். அதன் வர்க்க மூலம் ஏறத்தாழ 9.9. ஆகவே வேகம் மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர். உணர்ந்த விசையும் வளைவின் ஆரமும் தெரிந்தால் வேகம் தானே வெளிப்படுகிறது.

இவ்விதி ஏட்டோடு நிற்பதன்று. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் ஜப்பானின் அமகசாகி நகரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். சுமார் ஒன்றரை நிமிடம் தாமதமாக ஓடிய புகைவண்டி ஒன்று, 304 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு ஏறத்தாழ 116 கிலோமீட்டர் வேகத்தில் அடைந்தது. அங்கு அனுமதிக்கப்பட்ட வேகம் 70 மட்டுமே. 70இல் பக்கவாட்டு விசை எடையில் சுமார் எட்டில் ஒரு பங்கு. 116இலோ மூன்றில் ஒரு பங்கினும் சற்று மிகுதி. தண்டவாளத்தின் சாய்வு இதில் ஒரு பகுதியையே ஈடுசெய்யும். வண்டி தடம்புரண்டு அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் மோதியது. பயணிகள் 106 பேரும் ஓட்டுநரும் மாண்டனர்.

தவறு செய்த ஓட்டுநருக்கு அளிக்கப்பட்ட கடுமையான மறுபயிற்சி பற்றிய அச்சம் அவர் கவனத்தைச் சிதறச் செய்திருக்கலாம் என விசாரணைக் குழு கருதியது. வேகம் ஒன்றரை மடங்கைச் சற்றே கடந்தது. விசையோ இரண்டேமுக்கால் மடங்காயிற்று. மனிதரின் அவசரம் விசையின் கணக்கை மாற்றுவதில்லை.

அடுத்த முறை வளைவில் உங்கள் தோள் சாயும்போது, ஹைகன்ஸின் ஈயக்குண்டை நினைவுகூருங்கள். அது உங்களிடம் வேகத்தையும் சொல்கிறது, எச்சரிக்கையையும் சொல்கிறது.